‘ஆச்சு’ என்று சொல்லாத அண்ணி

அண்ணியை வேலையை விட்டு அனுப்பும்போது கம்பெனியில் சொன்ன காரணம், "ரொம்ப மெதுவு." அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உச்சந்தலை சூடாகிறது. நாத்தனார் ஒருத்தி அண்ணிக்குப் பரிந்துகொண்டு வந்தால் ஊர் சிரிக்கும் என்று தெரியும். சிரிக்கட்டும். வீட்டில் எங்களுக்கு ஒரே சமையலறை, ஆபீசில் ஒரே மாடி. அவளைப் பற்றிப் பேச என்னைவிட யாருக்கு வாய் இருக்கிறது?

மெதுவுதான், இல்லையென்று சொல்லவில்லை. "அடுப்பை அணைச்சாச்சா?" என்று கேட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்து "ஆச்சு" என்று சொல்ல மாட்டாள். எழுந்து போய்க் குமிழைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துதான் வாயைத் திறப்பாள். "கட்டிக்கிறியான்னு கேட்டேன். யோசிச்சு சொல்றேன்னு போனவ, நான் வேற பொண்ணு பார்க்கலாமான்னு நினைக்கிறப்பதான் திரும்பி வந்தா" என்று என் அண்ணன் இன்னமும் சொல்லிக் காட்டுவான். அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். பிரேக் விஷயத்தில் மட்டும் தன் பெண்டாட்டி மாதிரி ஆள்தான் வேண்டும் என்பதையும் அவனே சொல்வான்.

எங்கள் கம்பெனி பெரிய பெரிய பதிவுகளைச் சேர்த்து வைக்கும் பெட்டிகளைச் செய்கிறது. பெட்டிக்குள் வரிசையாக டிஸ்குகள். அந்த டிஸ்குகளில் ஃபைல்களை எங்கே, எப்படி வைப்பது என்று பார்த்துக்கொள்ளும் மென்பொருளை எழுதுவது அண்ணியின் வேலை. நான் எழுதுகிறவள் இல்லை, திட்டு வாங்குகிறவள். பெட்டி வாங்கினவர்கள் போன் செய்தால் எடுக்கும் மேஜை என்னுடையது.

அந்த டிஸ்குகளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. விலை குறைவு, நிறையப் பிடிக்கும், ஆனால் வரிசையாகத்தான் எழுத விடும். ஒவ்வொரு டிஸ்கும் பல பகுதிகளாகப் பிரிந்திருக்கும். ஒரு பகுதிக்குள் முதலிலிருந்து எழுதிக்கொண்டே போகலாம். நடுவில் புகுந்து ஒரு வரியை மாற்ற முடியாது, கடைசியில் கொஞ்சம் மட்டும் அழிக்கவும் முடியாது. அழித்தால் அந்தப் பகுதி முழுவதும் போகும், மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். கரும்பலகையில் ஒரு மூலையை மட்டும் துடைக்க விடாமல், துடைத்தால் முழுப் பலகையும்தான் என்று ஒரு வாத்தியார் அடம் பிடித்தால் எப்படி? அந்த மாதிரி.

அண்ணியின் ஏற்பாட்டில் ஒரு பகுதிக்கு ஒரு ஃபைல். ஃபைலை வெட்டிக் குறைப்பதற்கு மென்பொருள்காரர்கள் பாஷையில் ‘டிரங்கேட்’ என்று பேர். மற்ற டிஸ்குகளில் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். இங்கே முழுதாகக் காலி செய்யலாம், இல்லையென்றால் இதற்குமேல் எழுத வேண்டாம் என்று மூடி வைக்கலாம். பாதியில் வெட்டச் சொன்னால் அண்ணியின் மென்பொருள் நேர்மையாக "முடியாது" என்று பதில் சொல்லும்.

அதுவே எங்கள் மேலாளருக்குப் பிடிக்கவில்லை. அவருக்கு நாங்கள் வைத்த பேர் ‘சரிசரி’. வாங்க வருகிறவன் வானத்தை வளைத்துத் தரச் சொன்னாலும் "சரி சரி, பண்ணிடலாம்" என்பார்.

"கஸ்டமர் முன்னாடி முடியாதுன்னு வந்தா நல்லாவாம்மா இருக்கு?" என்று அண்ணியின் மேஜையருகே வந்து நின்றார். "ஆச்சுன்னு சொல்லிடுங்க. சைஸை மட்டும் குறைச்சுக் காட்டுங்க. உள்ள என்ன இருக்குன்னு யார் பார்க்கப் போறா?"

"டிஸ்க் பார்க்கும் சார்," என்றாள் அண்ணி. "நாம ஒரு இடத்துல முடிஞ்சிருச்சுன்னு நினைப்போம். அது இன்னொரு இடத்துல நின்னுட்டிருக்கும். அடுத்து எழுத வர்றவன் எந்தப் பேச்சைக் கேக்கறது?"

அந்தச் சண்டையில் அவள் ஜெயித்தாள். அவர் அதை மனதில் வைத்துக்கொண்டார்.

அடுத்த சண்டை, ஃபைலைக் காலி செய்வது பற்றி. அண்ணி அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். முதலில் அந்த ஃபைலின் கதவைச் சாத்த வேண்டும், புதிதாக யாரும் எழுத வரக்கூடாது. ஏற்கெனவே எழுதப் போயிருப்பதெல்லாம் டிஸ்கில் போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் ‘துடை’ என்று டிஸ்குக்கு உத்தரவு. டிஸ்க் "துடைத்தேன்" என்று பதில் சொல்லும்வரை மறுபடி காத்திருக்க வேண்டும். பதில் வந்தாலும் நம்பிவிடக்கூடாது. டிஸ்கின் எழுதும் இடம் உண்மையிலேயே தொடக்கத்துக்கு வந்துவிட்டதா என்று கேட்டுப் பார்த்து, அதற்குப் பிறகு ஃபைலின் அளவைப் பூஜ்யம் ஆக்கி, கதவைத் திறக்க வேண்டும்.

டிஸ்க் மும்முரமாக இருக்கும் நேரத்தில் இதற்குக் கொஞ்சம் பொழுது பிடிக்கும். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். ஒருநாள் வாங்க வந்தவர்களுக்குப் பெட்டியைக் காட்டும்போது அந்த வட்டம் சுற்றியது. வந்தவர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், சரிசரிக்கு முகம் செத்துவிட்டது.

"அந்தக் காத்திருக்கறதை எடுத்துடுங்கம்மா."

"எடுத்தா ஒருநாள் எவனோட பதிவையாவது தின்னுடும் சார். பதறாத காரியம் சிதறாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

"பழமொழி எல்லாம் என்கிட்ட வேணாம். மத்த கம்பெனிக்காரனுக்கு உடனே ஆச்சுன்னு வருது."

"அவனுக்கு வரட்டும் சார். நான் எடுக்க மாட்டேன்."

எடுக்கவும் இல்லை. அப்புறம் எங்கள் அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். பெற்ற மகள் எனக்கு லீவு கிடைக்கவில்லை, மருமகள் லீவு போட்டாள். சொட்டு மருந்து விடுவதிலும் அவள் அவள்தான். "விட்டாச்சாடி?" என்று அம்மா கேட்டால், இமையை விரித்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பதில்.

அவள் இல்லாத அந்த நாட்களில் சரிசரி தானே உட்கார்ந்து அவள் எழுதினதைத் திருத்தினார். முன்னொரு காலத்தில் அவரும் எழுதினவர்தான், கை அரித்தது போலிருக்கிறது. காத்திருக்கிற இடங்களையெல்லாம் எடுத்தார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. துடைக்கச் சொல்லியும் டிஸ்க் சட்டென்று பதில் சொல்லாவிட்டால், அதே உத்தரவை இன்னொரு தடவை அனுப்பு என்று எழுதி வைத்தார். ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னால் நல்லதுதானே என்ற நினைப்பு. சமையல்காரியிடம் உப்புப் போடச் சொல்லிவிட்டு, அவள் ‘உம்’ கொட்டவில்லை என்று மறுபடி சொல்கிறவனின் புத்தி! திருத்தினதை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பியும் விட்டார். வட்டம் சுற்றவில்லை. எல்லோருக்கும் உடனே ‘ஆச்சு’ என்று வந்தது.

அண்ணி திரும்பி வந்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த காலையில் எனக்கு அந்த போன் வந்தது. ஒரு ஆஸ்பத்திரியின் வலிப்பு வார்டிலிருந்து, அங்கே வேலை பார்க்கும் டெக்னீஷியன் அம்மா பேசினார்.

அந்த வார்டில் நடப்பதை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மாத்திரைக்குக் கட்டுப்படாத வலிப்பு இருக்கிறவர்களை அங்கே சேர்ப்பார்கள். தலை முழுக்க வயர் ஒட்டி, மூளையின் அலைகளையும் கேமராப் படத்தையும் இடைவிடாமல் பதிவு செய்வார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு, வலிப்பு வரட்டும் என்று காத்திருப்பார்கள். வந்தால், மூளையில் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று பதிவைப் பார்த்துக் கண்டுபிடித்து ஆபரேஷன் செய்யலாம். நோயை வாசல்வரை கூப்பிட்டு உட்காரவைக்கிற மாதிரி. அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

தையல் வேலை செய்யும் பெண் ஒருத்தி அங்கே இருந்தாள். பல நாள் காத்திருந்து அவளுக்கு வலிப்பு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள், கட்டில் கம்பியில் தோள் மோதி வீங்கிப்போனது. எல்லாம் பதிவாகிவிட்டது என்று நினைத்துத் திறந்து பார்த்தால், வலிப்பு வந்த நேரம் மட்டும் இல்லை, அலையும் இல்லை, படமும் இல்லை. அதற்குப் பிறகு அவள் அசந்து தூங்கினதுதான் இருக்கிறது.

"வலிப்புல அவ வயரை இழுத்து மெஷினோட இணைப்பையே கழட்டிட்டான்னு டாக்டர் முடிவு பண்ணிட்டார்," என்றார் டெக்னீஷியன். "அவ இழுக்கலைங்க. நான்தான் பக்கத்துல நின்னு புடிச்சுக்கிட்டேன், எல்லா வயரும் தலையிலதான் இருந்துச்சு. நான் சொன்னா யார் கேக்கறா? உங்க பெட்டியில தப்பு இருக்குமான்னு கேட்டேன், புதுப் பெட்டி எப்படித் தப்பாகும்னு என்னையே திட்றாங்க. அந்தப் பொண்ணோட அம்மா வார்டு முழுக்கக் கேக்கற மாதிரி அவளை அப்படித் திட்டினாங்க. திரும்பவும் மாத்திரையை நிறுத்தணும்ல? திரும்பவும் அது வரணும்ல?"

போனை அண்ணியிடம் கொடுத்தேன். அவள் எந்த நேரத்தில், எந்த ஃபைல், அதற்கு முன் எந்தப் பழைய பதிவு காலியானது என்று கேட்டாள். பிறகு தன் மென்பொருளைத் திறந்தாள். திறந்ததும் அவள் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்த் திரும்பி வரும்போது பூட்டே இல்லாமல் கிடந்தால் எப்படி இருக்கும்?

அன்று முழுக்க அவள் ஒரு பெட்டியை மேஜைமேல் வைத்து, வார்டில் நடந்ததை அப்படியே நடத்திப் பார்த்தாள். ஒரு பழைய ஃபைலைக் காலி செய்யச் சொன்னாள். டிஸ்க் வேறு வேலையில் மும்முரமாக இருந்தது, உடனே பதில் வரவில்லை. சரிசரியின் ஏற்பாடு இரண்டாவது ‘துடை’யை அனுப்பியது. அது போய்ச் சேர்வதற்குள் முதல் உத்தரவுப்படி பகுதி துடைக்கப்பட்டு, புதுப் பதிவு அங்கே ஏறத் தொடங்கிவிட்டது. இரண்டாவது உத்தரவு வரிசையின் பின்னால் நின்று நின்று, சாவகாசமாக வந்து, புதிதாக ஏறியதையெல்லாம் துடைத்தது. அதற்கப்புறம் வந்த பதிவு மறுபடி முதலிலிருந்து ஏறியது. திரையில் எந்தக் குறையும் தெரியவில்லை. என் கண்முன் ஒரு பதிவு காணாமல் போய், அதன் இடத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி இன்னொன்று உட்கார்ந்திருந்தது.

அண்ணி சரிசரியைக் கூப்பிட்டு இன்னொரு தடவை நடத்திக் காட்டினாள். அவர் கடைசிவரை பார்த்தார். பிறகு, "யானைக்கும் அடி சறுக்கும்மா," என்றார்.

"சறுக்கினது யானை சார். கீழ மாட்டினது அந்தப் பொண்ணு. அழிஞ்ச இடத்துமேல வேற ஏறிடுச்சு, இனி எடுக்க முடியாது. ஆஸ்பத்திரிக்கு உண்மையைச் சொல்லிடலாம்."

"சரி சரி, முதல்ல இதைச் சரிபண்ணி அனுப்புங்க. வெளிய ஒண்ணும் சொல்ல வேணாம். கரண்ட் ஏறி இறங்கினதால இருக்கலாம்னு எழுதிப் போட்டுடறேன்."

"கரண்டா?" என்றேன் நான். எனக்கு அங்கே பேச உரிமை இல்லை, ஆனாலும் பேசினேன். "வயரை இழுத்ததா அந்தப் பொண்ணுமேல பழி போட்டிருக்காங்க சார்!"

"அது ஆஸ்பத்திரி சமாச்சாரம். நாம சொன்னோமா?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்றைக்கு அதை நேரில் பார்த்தேன். வட்டம் சுற்றுகிறது என்று வெட்கப்பட்டவர் ஒருவர். அந்த வெட்கம் படியிறங்கிப் படியிறங்கிப் போய், நாக்கைக் கடித்துக்கொண்டு கிடந்தவள் தலையில் விழுந்தது. இளைத்தவன் தலையில் மிளகாய் அரைப்பது என்றால் இதுதான். அவள் திருப்பிக் கேட்க மாட்டாள். வலிப்பு வந்த நேரம் அவளுக்கு ஞாபகமே இருக்காது. தான் இழுத்தோமா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. இதைவிடத் தோதாக ஒரு ஆள் கிடைப்பாளா?

"இப்பவே போய்ச் சொல்லுங்க அண்ணி," என்று நான் குதித்தேன்.

"முதல்ல இது இன்னொருத்தருக்கு நடக்காம நிறுத்தணும்," என்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், உட்கார்ந்து வேலை செய்வாள். சாத்துகிற கதவையும் காத்திருக்கிற இடங்களையும் திரும்ப வைத்தாள். பதில் வராவிட்டால் மறு உத்தரவு கிடையாது. டிஸ்க் என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும், அதுவும் தெரியாவிட்டால் அந்தப் பகுதியை யாரும் எழுத விடாமல் ஒதுக்கி வைக்க வேண்டும். டிஸ்க் மும்முரமாக இருக்கும்போதெல்லாம் காலி செய்யச் சொல்லி, திரும்பத் திரும்பச் சோதித்தாள். எல்லாப் பெட்டிகளுக்கும் அது போய்ச் சேர்ந்ததா என்று ஒவ்வொரு வாடிக்கையாளரையும் என்னை விட்டுக் கூப்பிடச் செய்தாள். அதுவரை ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு அவள்மேலேயே கொஞ்சம் கோபம் வந்தது.

கரண்ட் என்று எழுதின பதில் ஆஸ்பத்திரிக்குப் போனது. அங்கே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண் வயரை இழுத்தாள் என்பது அவர்களுக்கு அதைவிட வசதியாக இருந்தது.

அவளை மறுபடி வார்டில் சேர்த்த அன்று, ஆளை அனுப்பிப் பெட்டியைச் சரிபார்க்காவிட்டால் பதிவைத் தொடங்க மாட்டேன் என்று டெக்னீஷியன் அம்மா அடம் பிடித்தார். அதன் உள்விவரம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் அண்ணியைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. கிளம்பும்போது சரிசரி மாடிப்படிவரை வந்தான். அவர் இவர் என்று சொல்ல எனக்கு இதற்குமேல் வாய் வரவில்லை.

"பெட்டியைப் பாருங்க, வந்துடுங்க. வாயைத் திறந்தீங்கன்னா நாளைக்கு இந்தப் படி ஏற வேண்டாம்."

"சரி சார்," என்றாள் அண்ணி.

அந்த ‘சரி’யைக் கேட்டு எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. துணைக்குப் போகிறேன் என்று நானும் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவளோடு பேசவில்லை.

வார்டு நீளமான ஒரு ஹால். இரண்டு பக்கமும் கட்டில்கள், தலையில் துணி சுற்றின நோயாளிகள், துணைக்கு இருக்கும் சொந்தக்காரர்கள். கோடிக் கட்டிலில் அந்தப் பெண். இருபது, இருபத்தைந்து வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் ஊசி குத்தின தழும்பு. இரண்டு கைகளும் துணியால் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. பக்கத்தில் ஸ்டூலில் அவள் அம்மா.

"ஐயோ, இதை எப்ப கட்டினீங்க?" என்று டெக்னீஷியன் பதறினார். "இந்த மாதிரி கட்டக்கூடாதும்மா. வலிப்பு வந்தா கை முறிஞ்சிடும்."

"நான்தான் கட்டச் சொன்னேன்," என்றாள் அந்தப் பெண். நாக்குக் காயம் இன்னும் ஆறவில்லை, பேச்சு குழறியது. "போன தடவ நான்தான் இழுத்துட்டேனாம். எனக்கு ஞாபகம் இல்லக்கா. இந்தத் தடவையும் இழுத்துட்டா அம்மா பணத்துக்கு எங்க போகும்?"

அண்ணி பெட்டியின் பக்கமே திரும்பவில்லை. கையில் இருந்த பையைத் தரையில் வைத்துவிட்டு, கட்டிலருகே குனிந்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். இறுகக் கட்டியிருந்தார்கள், நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது.

"நீ இழுக்கலம்மா," என்றாள். "உன் பதிவு முழுசா வந்துச்சு. நாங்கதான் அழிச்சுட்டோம். எங்க கம்பெனி செஞ்ச தப்பு."

அந்தப் பெண்ணுக்குப் புரிய நேரமாயிற்று. "நான் இழுக்கலையா?" என்று கேட்டாள். அண்ணி இல்லை என்றாள். "நிஜமாவா?" என்றாள். நிஜமாக என்றாள் அண்ணி. அவிழ்ந்த கையைத் தூக்கி அந்தப் பெண் தன் தலையில் இருந்த வயர்களை மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

அம்மாக்காரி எழுந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் நான் குறுக்கே போயிருக்க மாட்டேன், அது எங்களுக்குச் சேர வேண்டியதுதான். அவள் வந்து அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இந்த ஜனங்க முன்னாடிதான் இவளைத் திட்டினேன்," என்றாள். "பொறுக்கித் தின்னவும் லாயக்கில்லன்னு திட்டினேன். அத்தனை பேரும் கேட்டாங்க." அண்ணியைக் கட்டிலருகிலிருந்து இழுத்துக்கொண்டு போய் ஹாலின் நடுவில் நிறுத்தினாள். "இப்ப சொன்னதை இங்க நின்னு சொல்லு. அந்தக் கோடிவரைக்கும் கேக்கணும்."

எங்கள் வீட்டில் அடுத்த அறையில் இருப்பவரைக்கூட எழுந்து போய்த்தான் கூப்பிடுவாள் அண்ணி. அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு அந்த ஹாலின் நடுவில் நின்று, கம்பெனியின் பேரைச் சொல்லி, தன் பேரையும் சொல்லி, அந்தப் பெண் வயரை இழுக்கவில்லை என்று கத்திச் சொன்னாள். கோடியில் இருந்த ஒரு கிழவர் காதில் விழவில்லை என்று கையைக் காதருகே வைத்தார். அவருக்காக இன்னொரு தடவை சொன்னாள்.